தண்ணி விழுதா?

ஆனி பிறந்ததும் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். வணக்கம் இருக்காது, நலம் விசாரிப்பு இருக்காது. "தண்ணி விழுதா?" அவ்வளவுதான். நான் டவுன் பஸ் பிடித்துக் குற்றாலம் போய், பேரருவியைப் படமெடுத்து அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். குரலில் பேசிக்கொள்வதே இல்லை. இது என்ன மாதிரியான சிநேகிதம் என்று ஒருமுறை மனைவி கேட்டாள். கல்வித்துறை சார்ந்த தொடர்பு என்றேன். அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதத் தேவையில்லை.

செய்தி அனுப்பும் அந்த அம்மாள் யார் என்று சொல்வதற்கு, நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அப்படியொன்றும் பெருமையான விஷயமில்லை. தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் வேறு பாடம் கிடைக்காமல் எங்கள் துறைக்கு வருவார்கள். நானும் ஏறக்குறைய அப்படி வந்தவன்தான். தலை நரைத்துத் தொப்பை விழுந்து, இனி நம்மை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்த வயதில், முனைவர் பட்டம் இல்லாதவர்கள் வேலையில் நீடிக்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதே கல்லூரியின் ஆய்வு மையத்தில் பகுதிநேர ஆய்வாளனாகப் பதிவு செய்துகொண்டேன். எனக்கு வாய்த்த நெறியாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை "அண்ணாச்சி" என்பார், நான் அவரை "சார்" என்பேன். இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்கும்.

முனைவர் பட்டம் என்றால் ஆய்வேட்டை எழுதுவதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எழுதுவதெல்லாம் பிற்பாடு. எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்பதற்கு முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஒரு குழு உண்டு. நெறியாளர், துறைத்தலைவர், வெளியூரிலிருந்து வரும் வல்லுநர் ஒருவர். இந்த மூவரும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மனநிலையில் இருக்க வேண்டும். கிரகச் சேர்க்கை மாதிரி. மூன்று வருடத்துக்குள் அது நடக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் வேலையும் போகும்.

அந்த வெளியூர் வல்லுநர்தான் இந்த அம்மாள். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பதிவு செய்த அன்றே நெறியாளர் என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

"அண்ணாச்சி, மேடம் சீசன்லதான் வருவாங்க. மத்த மாசம் எத்தன தடவ கூப்பிட்டாலும் வரமாட்டாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அருவில தண்ணி விழுதான்னு மட்டும் பாத்து அவங்களுக்கு போட்டோ அனுப்பிருங்க. போன் போட்டா எடுக்கமாட்டாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

இப்படியாக, தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் ஆய்வுக்குழுவின் நாலாவது உறுப்பினர் ஆயிற்று.

அந்த அம்மாள் எந்த விஷயத்தையும் உலர்ந்த நிலையில் முடிவு செய்ததில்லை. "முதல்ல குளிப்போம்" என்பார். ரயிலை விட்டு இறங்கியதும் சொல்வார். கூட்டம் தொடங்கியதும் சொல்வார். ஒருமுறை துறைத்தலைவருக்கும் என் நெறியாளருக்கும் நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருப்பது என்று பெரிய தகராறு. இருவரும் அம்மாளிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். அவர் இருவர் முகத்தையும் மாறி மாறி உற்றுப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஐந்தருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க. அப்புறம் சண்டை போடுங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் பற்கள் தந்தியடிக்க, ஒரே துண்டைப் பங்கு போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். வந்த இடத்தில் இஞ்சி டீ எங்கே கிடைக்கும் என்பதுதான் பேச்சாக இருந்தது.

ஆய்வுத் தலைப்புக்கும் அருவிதான் சோதனைச்சாலை. தாளில் எழுதிக் கொடுத்தால் பார்க்கமாட்டார். "காகிதத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தண்ணிக்குள்ள நின்னு ஒரே மூச்சில சொல்லணும். பக்கத்துல நிக்கிற ஆளுக்குப் புரியணும். புரிஞ்சா அது தலைப்பு." ஆண் ஆய்வாளர்கள் ஆண்கள் பக்கம் நின்று தடுப்புக் கம்பிக்கு மேல் கத்துவார்கள், காவலர் விசிலடிப்பார். கேரளத்திலிருந்து செங்கோட்டை வழியாக வரும் நேந்திரம் சிப்ஸ் வியாபாரத்தை ஆராய வந்த ஒரு பையன் அப்படிக் கத்தியபோது, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் "கிலோ என்ன வெல?" என்று கேட்டாராம். அம்மாள் அந்த இடத்திலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

அவர் குளிக்கப் புறப்படும் கோலத்தையும் சொல்ல வேண்டும். பழைய நூல் புடவை, அதற்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதுகளையும் இணைத்துத் தலைக்குப் பின்னால் ஒரு கறுப்பு எலாஸ்டிக். குற்றாலத்தில் கண்ணாடியோடு குளித்த ஒரே பெண்மணி அவராகத்தான் இருக்க வேண்டும். நடுவில் போய் நிற்கமாட்டார். ஓரத்தில், சாரல் தெறிக்கும் இடத்தில் நின்று, கண்ணாடியை விரலால் துடைத்துத் துடைத்து எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படித்தவர்களின் கிறுக்குகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஓர் அவமானத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தென்காசியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆனால் அருவியில் தலையைக் காட்டினால் ஒரு வாரத்துக்கு என் மூக்கு அருவியாகிவிடும். அதனால் அம்மாளோடு பெண்கள் பக்கம் போய் என் தலைப்பைக் கத்தும் பொறுப்பு என் மனைவி மேல் விழுந்தது. அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். அன்று அரைநாள் விடுப்பு போட்டாள்.

"ஊர்ல பொம்பளைக மாப்பிள்ளைக்குச் சோறு கெட்டிக் குடுப்பாளுக. நான் தீசிஸ் கெட்டிக் குடுக்கணுமாக்கும்."

என் முதல் தலைப்பு இது. "தென் தமிழகத்தில் பருவகாலச் சுற்றுலாவின் சமூகப் பொருளாதாரப் பன்முகப் பரிமாணங்களும் நிலைத்த வளர்ச்சிக்கான சாத்தியக்கூறுகளும்: ஒரு பகுப்பாய்வு." நீளமாக இருந்தால்தான் பயப்படுவார்கள் என்பது நெறியாளரின் கட்சி. மனைவி மாவு ஆட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். அருவியிலிருந்து திரும்பி வந்ததும் ஆவலோடு கேட்டேன்.

"தென் தமிழகத்தில்னு ஆரம்பிச்சேன். வாய்க்குள்ள தண்ணி போயிட்டு. அதோட சரி."

அன்று பிற்பகல் கூட்டத்தில் அம்மாள் ஈரத்தலையோடு உட்கார்ந்து, "இந்தத் தலைப்பு வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுது" என்றார். முதல் வருடம் முடிந்தது.

கல்லூரியில் குளிர்சாதன வசதியோடு விருந்தினர் விடுதி உண்டு. அம்மாள் அங்கே ஒரு நாள்தான் தங்கினார். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏன் டீச்சர், அங்கன எல்லா வசதியும் இருக்காம்லா?" என்றாள் மனைவி.

"ரொம்ப அமைதியா இருக்கு. பிடிக்கல."

எங்கள் வீட்டில் அந்தக் குறை கிடையாது. மனைவியின் பிறந்த வீடு சுரண்டைப் பக்கம். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய குடும்பம். ரகசியம் என்றால் கொஞ்சம் மெதுவாகக் கத்துவது என்று அர்த்தம் செய்துகொண்டவர்கள். எங்கள் வீட்டுக்குத் தெருவில் "மைக்செட் வீடு" என்று பெயர். சாரல் விழ ஆரம்பித்தால் இந்த மைக்செட்டோடு வெளியூர் மைக்செட்டுகளும் வந்து சேரும். ராயகிரி சித்தப்பா குடும்பம், சென்னையிலிருந்து கொழுந்தியாள் குடும்பம், அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள். "சும்மா ஒரு குளியல் போட்டுட்டுப் போயிருவோம்" என்று வருபவர்கள் ஒரு வாரம் குளிப்பார்கள். நாற்காலி, கதவு, மோட்டார் சைக்கிள் என்று எங்கு பார்த்தாலும் ஈரத்துண்டு. குற்றாலத்தில் அருவி விழுகிறது என்றால் தென்காசிக்காரன் வீட்டில் அடுப்பு அணையாது என்று பொருள். அந்தக் கும்பலுக்கு நடுவில் அம்மாள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, எல்லார் பேச்சிலும் கலந்துகொண்டு, சந்தோஷமாக இருந்தார்.

இரண்டாம் வருடம் மனைவி விடியலிலிருந்து இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். நான் திருத்தி எழுதிய தலைப்பை அவளிடம் நீட்டினேன். அது போன தலைப்பைவிட இரண்டு சொல்தான் குறைவு. அவள் அந்தத் தாளை வாங்கி, அதைக்கொண்டே சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, அப்படியே அம்மாளோடு அருவிக்குப் போனாள்.

ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அம்மாள் கேட்டிருக்கிறார். "உங்க வீட்டுக்காரர் எதைப் பத்தி எழுதப்போறார்?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து மனைவி கத்தியிருக்கிறாள். "சீசனுக்கு வாற விருந்தாளிக்கு ஆக்கிப் போட்டே நாங்க அழியுதத!"

தண்ணீருக்குள்ளிருந்து தென்காசிக்காரி யாரோ, "எங்க வீட்டுலயும் அதே கததான், யக்கா!" என்று பதிலுக்குக் கத்தினாளாம்.

அம்மாள் நேராக என்னிடம் வந்தார். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இதுதான்யா தலைப்பு! வர்றவனுக்கு லாபம், கடைக்காரனுக்கு லாபம். வீட்டுக்காரிக்கு என்ன ஆகுதுன்னு யாராவது எழுதியிருக்காங்களா? எழுதுங்க." உடனே அதைச் சட்டை போட்டுத் தலை சீவி, "சாரல் காலத்தில் தென்காசி வீடுகள் விருந்தினருக்காகச் சுமக்கும் செலவும் உழைப்பும்" என்று ஆக்கினோம். எனக்கே நம்ப முடியவில்லை, அது எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது.

கூட்டத்தில்தான் வினை வந்தது. எங்கள் துறைத்தலைவர் நல்லவர். ஆனால் சொற்களைச் சேமிப்பவர். கோப்பு ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதனிடம்தான் பேசுவார்.

"விருந்தாளின்னா யாரு? வரையறை வேணும்லா. ராயகிரி சித்தப்பா விருந்தாளியா, குடும்பமா?" என்று கோப்பிடம் கேட்டார். பிறகு, "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவச்சிரலாமா, மேடம்?"

அம்மாள் முகம் மலர்ந்து தலையாட்டினார். "தாராளமா! அப்படியே செஞ்சிடலாம்."

நான் நெறியாளரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார். காலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய தலைப்பை மாலையில் அம்மாளே கீழே போட்டுவிட்டார். அதுமட்டுமா, வெளியே வந்து கைப்பையிலிருந்து அல்வாப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, "சந்தோஷம். வேலையை ஆரம்பிங்க!" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். இத்தனை நயமான கிண்டலை நான் அதுவரை சந்தித்ததில்லை. அல்வாவை ராயகிரி சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. ஆனி போயிற்று, ஆடி பாதி போயிற்று. ஆடி கடைசியில் என் கெடுவும் முடிகிறது. பேரருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஒரு சித்தப்பாவும் வரவில்லை. துண்டுகள் கொடியில் கிடந்தன. மனைவிகூடக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மேடம் இல்லாம கூட்டம் செல்லாது, அண்ணாச்சி. தண்ணி இல்லாம மேடம் வரமாட்டாங்க" என்றார் நெறியாளர். கொஞ்சம் தயங்கி, "போன வருஷ போட்டோ இருக்குமே?" என்றார்.

இருந்தது. அதை அனுப்பி, அம்மாள் துண்டோடு வந்து இறங்கி, காய்ந்த பாறையைப் பார்க்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் துணிச்சல் போதவில்லை. நேர்மை என்று இதைத்தான் சொல்கிறார்களோ என்னவோ. அன்றைய பாறையை அப்படியே படமெடுத்து அனுப்பினேன். கீழே, "தண்ணி இல்லை மேடம். இந்த மாதத்தோடு என் பதிவு முடிகிறது" என்று எழுதினேன்.

கட்டைவிரல் வரவில்லை. வியாழக்கிழமை காலை ரயிலுக்கு வந்து, அம்மாளே ஆட்டோவில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். வழக்கமான பெட்டி, வழக்கமான எலாஸ்டிக்.

"முதல்ல அருவிக்குப் போவோம்."

"தண்ணி இல்லையே, மேடம்."

அவர் அதற்குள் மறுபடி ஆட்டோவில் ஏறிவிட்டார்.

தண்ணீர் இல்லாத அருவியில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கிடையாது. காவலரும் இல்லை. முதல்முறையாக மனைவியோடு நானும் கூடப் போனேன். என் மூக்கு நிம்மதியாக இருந்தது. பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வரிசையாக வெளியே தெரிந்தன. ஏமாந்து வந்த ஒரு குடும்பம் குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தது. அம்மாள் வழக்கமான ஓரத்தில் போய் நின்று, துளி படாத கண்ணாடியைப் பழக்கதோஷத்தில் துடைத்தார்.

"சொல்லுங்க."

என் தலைப்பைச் சாதாரணக் குரலில் சொன்னேன். அவ்வளவு நிசப்தத்தில் அது எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சத்தமா."

கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, என் வாயையே பார்த்தார். "அருவில நிக்கிற மாதிரி சொல்லுங்க."

கத்தினேன். நாற்பது தாண்டிய, தொப்பை வைத்த ஒரு கல்லூரி ஆசிரியன், காய்ந்த பாறைக்கு முன்னால் நின்று, "சாரல் காலத்தில் தென்காசி வீடுகள்!" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். குரங்குகள் மரத்தில் ஏறிக்கொண்டன. அந்தக் குடும்பத்துக் குழந்தை அழ ஆரம்பித்தது. பாறை என் தலைப்பின் பின்பாதியைத் திருப்பிச் சொன்னது.

அம்மாள் முகம் மலர்ந்தது. "இதுதானே போன வருஷம் பாஸ் பண்ணினோம்? மறுபடியும் எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது அம்மாள் ஆட்டோவில் எங்களுக்கு நடுவே இருந்தார். டீ வாங்க நாங்கள் இருவரும் இறங்கியபோது மனைவியிடம் கேட்டேன். "அவங்களுக்குக் காது...?"

"மொத வருசமே எனக்குத் தெரியும். அருவிக்குள்ள எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல. அவங்களுக்கு என் வாயசைவப் பாத்ததும் புரிஞ்சிட்டு. அங்கன எல்லாருக்கும் ஒரே காதுதானங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்களே சொல்லாதத நான் எதுக்குச் சொல்லணும்?"

அந்த அல்வா கிண்டலில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துறைத்தலைவர் கோப்பிடம் பேசியது அம்மாளை எட்டவே இல்லை. ஒப்புதல் முடிந்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். நானோ ஒரு வருடமாக அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் கூட்டம். துறைத்தலைவர் கோப்பை உயர்த்தினார். நான் எழுந்து, அம்மாளுக்கு நேர் எதிரே போய் நின்று, பேரருவி முழுசாக விழுகிற மாதிரி நினைத்துக்கொண்டு தலைப்பைச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

துறைத்தலைவரின் கோப்பு கீழே இறங்கியது. "எதுக்கு சார் இப்படிக் கத்துதீங்க?"

"அருவிப் பழக்கம் சார்!" என்றேன், அதே சத்தத்தில்.

அவர் மறுபடி கோப்புக்குள் போய் ஏதோ முணுமுணுத்தார். நெறியாளர் என் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதரை நான் அதுவரை குறைவாக எடைபோட்டிருந்தேன். அவரும் எழுந்து நின்று, அம்மாள் பக்கம் திரும்பி முழங்கினார். "இன்னொரு தடவ ஒத்திவைக்கலாமான்னு கேக்காங்க, மேடம்!"

"இன்னொரு தடவையா?"

"போன தடவையும் ஒத்திதான் வச்சாங்க, மேடம்!"

அம்மாள் எங்கள் மூவர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் ஏன் கத்துகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வழக்கமா நான் குளிச்சிட்டுத்தான் முடிவு சொல்றது. இந்த வருஷம் தண்ணி இல்ல. அதனால காஞ்ச தலையோடவே சொல்றேன். தலைப்பு ஓகே. விருந்தாளின்னா யாருன்னு வரையறை வேணுமா? கூப்பிடாம வந்து, போகச் சொல்ல முடியாம இருக்கிறவங்க. எழுதிக்கோங்க. கையெழுத்து எங்க போடணும்?"

துறைத்தலைவர் கோப்பை நீட்டினார். இந்தமுறை முகத்தை மறைக்காமல்.

அன்று மாலையே ரயில் இருந்தும் அம்மாள் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார். காலியாகக் கிடந்த கூடத்தில் பாயை விரித்தார். "மொத பேட்டிய டீச்சர்கிட்ட எடுங்க. இந்த வருசம் வேற விருந்தாளி சிக்கமாட்டாங்க" என்றாள் மனைவி. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, முகம் தெரிய, குரலை உயர்த்திக் கேட்டேன்.

"வசதியான விடுதி இருக்கும்போது நீங்கள் ஏன் வீட்டில் தங்குகிறீர்கள்?"

அம்மாள் சிரித்தார். காதோரத்தில் எலாஸ்டிக்கை ஒரு விரலால் நெருடிக்கொண்டே சொன்னார். "விடுதியில எல்லாரும் மரியாதையா, மெதுவாப் பேசுறாங்க. உங்க வீட்லதான்யா கத்திப் பேசுறீங்க."

எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்விக்கு நான் வாயெடுப்பதற்குள், ஒரு மாதமாகத் தணிந்திருந்த குரல் அடுக்களையிலிருந்து தெருக்கோடி வரை கிளம்பியது.

"டீச்சர்! காப்பியா, டீயா?"

"காப்பி!" என்று பதிலுக்குக் கத்தினார் அம்மாள்.